பெயர் வேறு, வாசல் நம்முடையது

செம்பாக்கத்தில் ஒரே வீட்டில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியிருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் ஓரடியும் நகரவில்லை. அவருடைய முகவரிதான் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. குடிவந்த நாளில் அவர் கடிதத்தின் மூலையில் எழுதியது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். 1997 ஜூலையில் அது காஞ்சிபுரம் மாவட்டமாயிற்று. 2019 நவம்பரில் மீண்டும் செங்கல்பட்டு மாவட்டமாயிற்று. இடையில் 1996-இல் மதராஸ் சென்னையாயிற்று. பேரூராட்சியாக இருந்த செம்பாக்கம் நகராட்சியாகி, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சிக்குள் கலந்தது. 2002-இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மறைமாவட்டம் பிரிந்தபோது, திருமுழுக்குச் சான்றிதழின் தலைப்பும் மாறியது என்பதை நம்மவர் அறிவர்.

ஏரிப்பாசன நிலங்கள் மனைகளாயின, மனைகள் நகர்களாயின. ஒவ்வொரு நகரிலும் முதல் குறுக்குத் தெரு உண்டு, இரண்டாம் குறுக்குத் தெரு உண்டு. மனை எண் ஒன்று, கதவு எண் ஒன்று. சில இடங்களில் பழைய எண், புதிய எண் என அதுவும் இரண்டு. கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு வந்த நாளிலிருந்தும், ஏற்றுமதி வளாகம் 1984-இல் சானடோரியத்தில் அமைந்த நாளிலிருந்தும், இந்தப் பக்கத்து வீடுகளின் மாடியில் குடிவருவோரும் போவோரும் ஓய்ந்ததில்லை. அவர்கள் பாத்திரம் பண்டங்களையும் கட்டில் மெத்தையையும் எடுத்துச் செல்கிறார்கள். முகவரியை மட்டும் நம்மிடம் விட்டுப் போகிறார்கள். வங்கி, வருமான வரி அலுவலகம், நீதிமன்றம், காப்பீட்டு நிறுவனம் எல்லாம் அந்தப் பழைய முகவரிக்கே எழுதுகின்றன. இலச்சினை பதித்த நீள உறை ஒன்று, நாம் கேள்விப்படாத ஒருவரின் பெயரைச் சுமந்து, நம் வாசலில் வந்து விழுகிறது.

அதை என்ன செய்வது? சின்னக் கேள்வியாகத் தோன்றும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு.

நம் முன்னோர் காலத்துக் கடித உறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகவரி என்பது எண் அன்று. அது மனிதரைப் பற்றிய ஒரு வருணனை. மகாராஜராஜஸ்ரீ என்பதைச் சுருக்கி 'ம-ள-ள-ஸ்ரீ' என்று தொடங்கி, இன்னாரின் குமாரர், மேலத்தெரு, பிள்ளையார் கோவிலுக்குப் பின்புறம் என்று முடியும். மரியாதைச் சொற்களே பாதி உறையை அடைத்துக்கொள்ளும். ஆங்கிலேய அதிகாரிகள் இதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த முகவரியில் ஒரு வசதி இருந்தது. ஊரறிந்த ஒருவரை ஊரறிந்த வழியில் அது தேடியது. வீடு மாறினாலும் ஆள் கிடைத்துவிடுவார்.

சென்னையில் 1786 ஜூன் முதல் நாள் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் பொது அஞ்சலகம் திறக்கப்பட்டது. அது பல இடம் மாறி, சிஸம் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த கடற்கரைச் சாலைச் செங்கட்டடத்துக்கு 1884-இல் வந்து சேர்ந்தது. முகவரிகளைத் தேடித் திரிந்த அந்த அலுவலகமே ஒரு நூற்றாண்டில் இத்தனை முகவரி மாறியது என்பது வேடிக்கை. 1854-ஆம் ஆண்டின் சட்டம் நாடெங்கும் தூரம் பாராத ஒரே கட்டணத்தைக் கொண்டுவந்தது. கால் தோலா எடைக் கடிதத்துக்கு அரை அணா. அனுப்புகிறவர் தபால்தலை ஒட்டிவிடுவது. ஒட்டாவிட்டால் பெறுகிறவர் இருமடங்கு கொடுத்து வாங்குவது. நம் பாட்டிமார் 'பேரிங் தபால்' என்று முகம் சுளித்துச் சொன்னது இதைத்தான். பெறுகிறவர் பணம் தருகிற முறையில், அவரைத் தேடிப் பிடிப்பதில் அஞ்சல்காரருக்கே ஆதாயம் இருந்தது. கட்டணம் முன்னதாகவே கைக்கு வந்துவிட்ட பிறகு, தேடுவது கடமையாக மட்டுமே நின்றது.

பெறுகிறவர் பணம் தந்த காலத்தின் ஒரு சாட்சி ஐரோப்பாவில் இருக்கிறது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் சிமோன் தெ பிரியென், மரி ஜெர்மேன் என்னும் தம்பதியர் அஞ்சல் தலைவர்களாக இருந்தார்கள். ஆள் கிடைக்காத கடிதங்களை அவர்கள் எறியவில்லை. என்றேனும் ஒருவர் வந்து கட்டணம் கொடுத்து வாங்கிச் செல்வார் என்று ஒரு தோல் பெட்டியில் போட்டு வைத்தார்கள். 1689 முதல் 1706 வரை சேர்ந்தவை ஏறத்தாழ 2,600 கடிதங்கள். அவற்றுள் 600 போல இன்றும் பிரிக்கப்படாதவை. மடிப்பைக் கலைக்காமலே ஊடுகதிர் கொண்டு உள்ளே படிக்கும் முறையை ஆய்வாளர்கள் கண்டு, 2021 மார்ச் மாதத்தில் ஒரு கடிதத்தின் வாசகத்தை வெளியிட்டார்கள். அது 1697 ஜூலை 31-ஆம் நாள் லீல் நகரிலிருந்து ஜாக் செனாக் என்பவர், ஹேக்கில் வணிகம் செய்த தம் உறவினர் பியர் லெ பெர்ஸுக்கு எழுதியது. அதில் காதல் இல்லை, அரசியல் சதியும் இல்லை. தானியல் லெ பெர்ஸ் என்பவரின் இறப்பு அறிவிப்புக்குச் சான்றளிக்கப்பட்ட நகல் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார், அவ்வளவுதான். தாலுகா அலுவலக வாசலில் இன்று நாம் நிற்பதும் இதே காகிதத்துக்காகத்தான். பியர் வேறிடம் போயிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகிறார்கள். கேட்டவருக்கு அந்தக் கடிதத்தின் வழியே சான்று கிடைக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

நம் நாட்டில் இத்தகைய கடிதங்களுக்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. 'டெட் லெட்டர் ஆபீஸ்' என்று அதற்குப் பெயர். செத்த கடிதங்களின் இல்லம் என்று தமிழ்ப்படுத்தினால் கல்லறைத் திருநாள் நினைவுக்கு வரும். பின்னாளில் அதை 'ரிட்டர்ன்ட் லெட்டர் ஆபீஸ்' என்று மாற்றினார்கள். திரும்பி வந்த கடிதங்கள் என்றதும் சொல்லுக்குள் கொஞ்சம் உயிர் வந்துவிட்டது. 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம் இந்த அலுவலகத்தின் வேலையைப் படிப்படியாக வரையறுத்தது. முதலில், புதிய முகவரி தெரிந்தால் அங்கே அனுப்ப வேண்டும். முடியாவிட்டால், அதற்கென நியமிக்கப்பட்டு இரகசியம் காக்கக் கட்டுப்பட்ட ஓர் அலுவலர் மட்டும் உறையைப் பிரிக்கலாம். அதுவும் அனுப்பியவரின் பெயரையும் முகவரியையும் அறியும் பொருட்டே. தெரிந்தால் அவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அதுவும் இயலாதபோது கடிதங்களும் அஞ்சலட்டைகளும் அழிக்கப்படும். உள்ளே பணமோ விற்கத்தக்க பொருளோ இருந்தால் ஓராண்டு காத்திருந்து, உரிமை கோரி எவரும் வராவிடில் அஞ்சல் துறையின் கணக்கில் சேர்க்கப்படும்.

அந்த இரண்டாம் படியை நான் மீண்டும் மீண்டும் படித்ததுண்டு. ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியத்துக்குக் கட்டுப்பட்டவன் என்பதாலோ என்னவோ, அது என்னை ஈர்த்தது. அனுப்பியவர் யார் என்று அறியும் அளவுக்குப் படிக்க வேண்டும், அதற்குமேல் படித்ததை மனத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த எழுத்தர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். 1825-இல் இத்தகைய அலுவலகத்தைத் தொடங்கிய அமெரிக்காவில், பாட்டி லைல் காலின்ஸ் என்னும் அம்மையார் கிறுக்கலான, பிழையான முகவரிகளைப் படித்து உரியவரிடம் சேர்ப்பதில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புகழ் பெற்றிருந்தார். நம் நாட்டு எழுத்தர்கள் பெயரில்லாமலே போய்விட்டார்கள்.

அரசு பிறர் கடிதத்தைப் பிரிக்கலாமா என்பது வேறொரு பெரிய கதை. 1986-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அஞ்சலகத் திருத்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒப்புதல் தராமலே வைத்திருந்தார். அதை இங்கே விரித்தால் கட்டுரை தடம் மாறிவிடும். நமக்கு வேண்டியது அரசைப் பற்றிய விதி அன்று, வீட்டுக்காரரைப் பற்றிய விதி. அது அதே 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 68-ஆம் பிரிவில் இருந்தது. வேறொருவருக்குச் சேர வேண்டிய அஞ்சலை வஞ்சகமாக வைத்துக்கொள்பவரும், வேண்டுமென்றே மறைப்பவரும், ஒழிப்பவரும், பிடித்து வைப்பவரும், அஞ்சல் அலுவலர் கேட்ட பின்னும் தர மறுப்பவரும் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் அபராதத்துக்கும் உரியவர் என்றது அப்பிரிவு. அதற்கும் முன்னரே, 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் தன் 403-ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லியிருந்தது. ஒருவர் சாலையில் ஒரு கடிதத்தைக் கண்டெடுக்கிறார். உள்ளே ஒரு பணத்தாள். அது யாருடையது என்பது முகவரியிலிருந்தும் வாசகத்திலிருந்தும் தெரிகிறது. ஆனாலும் தமதாக்கிக்கொள்கிறார் என்றால் அவர் குற்றவாளி. சாலையில் கிடந்ததுதானே என்ற சமாதானம் சட்டத்தின் முன் எடுபடாது என்பதே அதன் பொருள்.

ஆனால் நம் தெருக்களில் நடப்பது திருட்டு அன்று. பெரும்பாலும் அன்புதான் நடக்கிறது. 'பாவம், வந்தால் கொடுப்போம்' என்று எடுத்து வைக்கிறார்கள். எங்கள் பங்கிலே கணவரை இழந்த மூதாட்டி ஒருவரின் மாடியில் ஓர் இளைஞரின் குடும்பம் குடியிருந்து, பின் வேறு ஊருக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் பெயருக்கு மூன்று உறைகள் வந்தன. அம்மா அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில், தம் செபமாலைக்கு அருகிலேயே, பத்திரமாக வைத்தார். ஐந்து மாதம் கழித்து இளைஞர் வந்து சேர்ந்தார். விபத்தில் இறந்த அவருடைய தந்தைக்குச் சேர வேண்டிய தொகை பற்றிய கடிதங்கள் அவை. முதல் உறை சில ஆவணங்களைக் கேட்டது. இரண்டாவது நினைவூட்டியது. மூன்றாவது, பதில் வராததால் கோப்பு முடித்துவைக்கப்பட்டது என்றது. மறுபடி அதைத் திறக்க அவர் ஓராண்டுக்கும் மேல் அலைந்தார். உறை திரும்பிப் போயிருந்தால், ஆள் அங்கில்லை என்றாவது அந்த அலுவலகம் அறிந்திருக்கும். திரும்பி வராத உறை சேர்ந்துவிட்ட உறையாகவே கருதப்படுகிறது. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; அவர் டப்பாவைப் பூட்டிக்கூட வைக்கவில்லை.

இந்த 'கருதப்படுதல்' என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. 1897-ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவு அஞ்சலில் அனுப்பிய ஆவணம் வழக்கமாகச் சேரும் காலத்தில் சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது. மாறாக நிரூபிக்க வேண்டியவர் பெறாதவர்தான். காசோலை திரும்பிய வழக்குகளில் இது எத்தனை பேரைச் சிக்கவைத்தது என்பதை வழக்கறிஞர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2007-இல் சி.சி. அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அனுமானத்தை உறுதிசெய்தது. கூடவே ஒரு வாசலையும் திறந்து வைத்தது: அறிவிப்பு கைக்கு வரவில்லை என்பவர், நீதிமன்ற அழைப்பாணை கிடைத்த 15 நாளுக்குள் தொகையைச் செலுத்திவிடலாம். அந்த அழைப்பாணையும் பழைய வீட்டுக்கே போனால் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

நீதிமன்ற ஊழியர் நேரில் கொண்டுவரும் அழைப்பாணைக்கு வேறு முறை. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைத் தொகுப்பின்படி, ஆள் இல்லாவிட்டால் அவருடன் வாழும் குடும்பத்தின் வயதுவந்த உறுப்பினரிடம் தரலாம். வேலையாள் குடும்ப உறுப்பினர் ஆகார். தொடக்கத்தில் ஆண் உறுப்பினரிடம் மட்டுமே தரலாம் என்றிருந்தது; 1976-ஆம் ஆண்டுத் திருத்தமே பெண்ணையும் சேர்த்தது. குற்றவியல் அழைப்பாணையில் 'ஆண்' என்ற சொல் 2024 ஜூலை வரை நீடித்தது என்பதைப் படிக்கும்போது வியப்பாக இருக்கிறது. நம் தெருவில் அஞ்சல்காரரின் மணிக்கு வாசலுக்கு வருபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தானே! எவரும் கிடைக்காவிட்டால், அவர் குடியிருக்கும் வீட்டின் வெளிக்கதவில் நகலை ஒட்டிவிடலாம். காலி செய்து போனவருக்குரிய காகிதம் நம் கதவில் ஒட்டப்பட இதுவே வழி. அந்த ஊழியர் வரும்போது, இவர் இங்கில்லை, இன்ன மாதம் காலி செய்துவிட்டார் என்று தெளிவாகச் சொல்லி, அதை அவருடைய அறிக்கையில் எழுதச் செய்வது வீட்டுக்காரர் செய்யக்கூடிய பெரிய உதவி. 'தெரியாது' என்று கதவைச் சாத்திக்கொள்வதால் யாருக்கும் பயனில்லை.

நம்மவருக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றே துணை. அதிலும் கத்தோலிக்கர் நிறைந்த தெருவில் அ. மேரி என்றால் நாலைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தோணிசாமியின் மகள் மேரியும், அருளப்பனின் மகள் மேரியும் ஓர் எழுத்துக்குள் ஒடுங்கிவிடுகிறார்கள். வாடகை ஒப்பந்தம் இல்லாமல் கட்டட வேலைக்கு வந்தவர்கள் 'மேற்பார்வை, பங்குத்தந்தை' என்று எழுதிக்கொண்டு வங்கிக் கணக்கு தொடங்கியதும் உண்டு. எங்கள் பங்கு இல்லத்துக்கு வரும் உறைகளில் எனக்குரியவை எப்போதும் பாதிக்கும் குறைவே.

குழப்பத்தைத் தீர்க்க எண்கள் வந்தன. 1972 ஆகஸ்ட் 15-ஆம் நாள் ஆறு இலக்கக் குறியீடு நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் தகவல் தொடர்பு அமைச்சகத்தின் உயர் அலுவலர், சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயருள்ள ஊர்களும், பல மொழிகளில் பல எழுத்துகளில் எழுதப்படும் முகவரிகளும் கொண்ட நாட்டில், ஊர்ப் பெயரைப் படிக்கத் தெரியாதவரும் எண்ணைப் பார்த்துப் பிரிக்கலாம் என்பது அவர் ஏற்பாடு. 6 என்றால் தென்கோடி. 600 என்றால் சென்னை. 2025 மே மாதத்தில் அஞ்சல் துறை 'டிஜிபின்' என்னும் பத்து எழுத்துக் குறியீட்டையும் வெளியிட்டது. ஏறத்தாழ 4 மீட்டர் நீள அகலமுள்ள கட்டங்களாக நாட்டையே அது பிரிக்கிறது. செம்பாக்கம் ஏரிக் கரையில் நிற்கும் ஒரு பனைமரத்துக்கும் இப்போது தனிக் குறியீடு உண்டு. ஆனால் கட்டத்துக்குள் இன்று யார் குடியிருக்கிறார் என்பதை அந்த எழுத்துகள் சொல்வதில்லை. இடத்தைத் துல்லியமாக்கத் துல்லியமாக்க, போய்விட்டவரின் உறை இன்னும் பிசகாமல் நம் வாசலுக்கே வந்து சேர்கிறது! பழைய அஞ்சல்காரர் இந்த இடைவெளியைத் தம் நினைவால் நிரப்பினார். அவர்கள் மாடம்பாக்கம் பக்கம் போய்விட்டார்கள், நான் கொடுத்துவிடுகிறேன் என்று பையில் போட்டுக்கொள்வார். இன்று தெருக்களும் பெருகிவிட்டன. கூரியர் பையன்களோ நாளுக்கொரு முகம்.

சட்டமும் மாறிவிட்டது. 2023-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் 2024 ஜூன் 18-ஆம் நாள் நடைமுறைக்கு வந்து, 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. பழைய சட்டத்தின் குற்றங்களும் தண்டனைகளும் புதியதில் இல்லை; கட்டணம் செலுத்தாதவரிடம் நிலவரிப் பாக்கிபோல வசூலிக்கலாம் என்ற ஒன்றைத் தவிர. அயலார் கடிதத்தை வைத்திருப்பதைத் தனிக் குற்றமாக்கிய 68-ஆம் பிரிவு, நூற்றிருபத்தைந்து ஆண்டு வாழ்ந்து, சத்தமின்றி மறைந்தது. அலுவலர்கள் கடிதம் திருடினால் என்ன என்று சிலர் கேட்டார்கள். வீட்டுக்காரர் பிடித்து வைத்தால் என்ன என்பதை எவரும் கேட்டதாக நான் படிக்கவில்லை. பணத்தாளைக் கண்டெடுத்தவரின் எடுத்துக்காட்டு மட்டும் புதிய நியாய சன்ஹிதையின் 314-ஆம் பிரிவில் தொடர்கிறது. 2025 செப்டம்பர் முதல் நாள் பதிவு அஞ்சலும் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது.

ஆகவே இப்போது தண்டனைக்கு அஞ்சி இதைச் செய்ய வேண்டியதில்லை. உறையைப் பிரிக்க வேண்டாம். கையெழுத்துக் கேட்டால் பிறர் பெயருக்குப் போட வேண்டாம். போட்டால் சேர்ந்தது என்றாகிவிடும். பெட்டியில் கிடந்த உறையானால், முகவரி மறையாதபடி, பட்டைக்கோட்டின் மேல் படாதபடி, 'இப்பெயருடையவர் இம்முகவரியில் இல்லை' என்று எழுதித் தேதியிட்டு, அஞ்சல்காரரிடமோ அஞ்சலகச் சாளரத்திலோ அன்றே கொடுத்துவிடலாம். புதிய முகவரி தெரிந்தால் அதையும் எழுதலாம். அவருடைய தொலைபேசி எண் நம்மிடம் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். உள்ளே என்ன என்று கேட்க வேண்டியதில்லை.

பிஸ்கட் டப்பா அம்மா இப்போது அப்படித்தான் செய்கிறார். மாடிக்கு யார் குடிவந்தாலும், முன்பணம் வாங்கும்போதே, காலி செய்கிற நாளில் புது முகவரியை ஒரு நோட்டில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிடுகிறார். அந்த நோட்டில் இதுவரை ஏழு குடும்பங்களின் முகவரிகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் இரண்டை அவரே அடித்துத் திருத்தியிருக்கிறார். அவர்கள் அங்கிருந்தும் மாறிவிட்டார்களாம்.